பதினெட்டு இன்ச் வூஃபரும் லியோனில் இருக்கிற உன் அத்தையும்

ரெட்டியார்பாளையம்,
ஐப்பசி மாதம், ரெண்டு மழைக்கு நடுவே ஒரு வெயில் நாள்.

பிரான்சு தேசத்து லியோன் மாநகரில் பெரிய ஆபீஸில் பெரிய நாற்காலியில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை செம்மல் அவர்களுக்கு, உங்கள் தாய்மாமன், மாமனார் ஆகிய இரண்டு பதவிகளையும் ஒரே ஆளாக வகித்துவரும் கலியபெருமாள் (பம்பு ஹவுஸ் ஆபரேட்டர், ஓய்வு) ஆசியும் வணக்கமும் கலந்து வரைந்துகொள்வது. இங்கு யாவரும் சுகம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். அங்கு நீங்களும், என் மகள் பூர்ணிமாவும், பேரக்குட்டியும், உங்கள் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் என் மனைவி கமலவேணியும் குளிருக்குக் கம்பளி, பசிக்குச் சோறு என்று ஒரு குறையுமில்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் சொன்னால் அது உங்கள் வீட்டு ஹாலில் எல்லார் நடுவிலும் சத்தமாக ஓடும், உன் அத்தை அடுப்படியிலிருந்து "என்னவாம்?" என்று கேட்பாள், அத்தோடு காரியம் கெட்டுப்போகும். அதனால்தான் தபால். மாப்பிள்ளையாக நினைத்து எழுதும்போது நீங்கள் என்றும், அக்கா மகனாக நினைத்து எழுதும்போது நீ என்றும் கை தானாகப் போகும், கண்டுக்காதே. எனக்குப் படிப்பு எட்டாங்கிளாஸ்தான். ஆனால் அந்த எட்டாங்கிளாஸில் மட்டும் மூணு வருஷம் இருந்து ஆழமாகப் படித்தவன் என்பது உனக்கே தெரியும்.

விஷயம் என்னவென்றால், நான் ஒரு ஸ்பீக்கர் செட் செய்திருக்கிறேன். கடையில் வாங்குகிற சாமான் இல்லை. நானே யோசித்து, நானே வரைந்து, நானே நின்று செய்ய வைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பொட்டி, ஒவ்வொரு பொட்டியும் என் நெஞ்சு உயரம், ஒவ்வொன்றிலும் பதினெட்டு இன்ச் வூஃபர். பதினெட்டு இன்ச் என்றால் உனக்குச் சட்டென்று பிடிபடாது. உன் காதுகுத்துக்கு மாமன் சீர் தூக்கிட்டு வந்தேனே, அந்தத் தாம்பாளம் அளவு. இந்த மாதிரி செட் பாரிஸ் பட்டணத்து ஒபெரா மாளிகையில்கூட கிடையாது என்று பேசிக்கொள்கிறார்கள். ஆரோவில்லிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு வாயடைத்துப் போய்விட்டார். அவர் வழி கேட்க வந்தவர் என்று என் சிநேகிதன் மொய்னுதீன் சொல்லிட்டு திரியறான், அதை நம்பாதே. வழி கேட்க வந்தவர் ஏன் வழி கேட்காமலே போகணும்?

இவ்வளவு பெரிய செட் எதுக்கு மாமா என்று கேட்பாய். சொல்றேன். உன் அத்தை குரல் உனக்குத் தெரியும். கட்டைக்குரல். கேஸ் புக் பண்ண ஃபோன் போட்டா "சொல்லுங்க சார்"ம்பான். நான் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி கூடத்துல உக்காந்திருக்கேன், உள்ளேருந்து "சர்க்கரை எவ்ளோ?"ன்னு ஒரு குரல் வருது. பொண்ணோட அப்பா பிரஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தா ஆச்சே, ராணுவத்துக் குரல்னு நெனைச்சி நான் எழுந்து வெறப்பா நின்னு "ரெண்டு ஸ்பூன் சார்"ன்னேன். உள்ள ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு, அலமாரியில இருந்த டம்ளரெல்லாம் கிணுகிணுன்னுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் முப்பத்தோரு வருஷம் பம்பு ஹவுஸ்ல வேலை. எழுபத்தஞ்சு ஹெச்.பி. மோட்டார் ரெண்டு ஒண்ணா ஓடும், பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது. மத்தவங்க பொண்டாட்டிங்க கேட்டுக்கு வெளியே நின்னு கூவு கூவுன்னு கூவுவாங்க. உன் அத்தை கேரியரை எடுத்துனு வந்து, வாசப்படியில நின்னு, கத்தாம, சாதாரணமா "ஏங்க"ம்பா. அந்தக் குரல் மோட்டார் சத்தத்துக்கு மேல வராது, அடியில பூந்து வரும். காதுக்கு வராது, இங்க, விலா எலும்புல வந்து தட்டும். நான் திரும்பிப் பாப்பேன்.

அவ பூர்ணிமா பிரசவத்துக்குன்னு மூணு மாசத்துக்குக் கெளம்பினா. பாஸ்போர்ட் பிரஞ்சு பாஸ்போர்ட், அங்க எத்தனை நாள் இருந்தாலும் கேக்கறதுக்கு ஆள் இல்ல. மூணு மாசம் பதினாலு மாசம் ஆச்சு. பொங்கலுக்கு வரேன்னா, குட்டிக்குச் சளி. மாசிமகத்துக்கு வரேன்னா, பூர்ணிமா லீவு முடிஞ்சுது. பதினாலு ஜூலை பிரஞ்சுத் திருநாளுக்கு வரேன்னா, குட்டிக்கு க்ரெஷ்ல, அதான் குழந்தைக் காப்பகத்துல, இடம் கெடைக்கல. நான் ஒண்ணும் சொல்லல. வான்னும் சொல்லல, ஏன் வரலைன்னும் கேக்கல. நல்லா கவனி, இதை நான் குறையா எழுதல. எனக்கு இங்க என்ன குறைச்சல்? சோறு வடிக்கிறேன், ரசம் வெக்கிறேன், என் ரசத்தைக் குடிச்சிட்டு மொய்னுதீன் கண் கலங்கிட்டான். வீடு மட்டும் கொஞ்சம் அமைதியா இருக்கு. அவ்ளோதான். ஃப்ரிட்ஜ் ஓடறது கேக்குது. ஃப்ரிட்ஜ் நிக்கறது அதைவிட நல்லா கேக்குது.

ஃபோன் இருக்கே, தினம் பேசறோமேன்னு நீ சொல்லலாம். அங்கதான் மாப்ள பிரச்சனையே. ஃபோன்ல வர்றது உன் அத்தை குரல்ல பாதிதான். மேல் பாதி வருது, கீழ் பாதி வரல. யாரோ ஒரு சின்னப் பொண்ணு டப்பாக்குள்ள உக்காந்து "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்கற மாதிரி இருக்கு. மோட்டார் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்றவன் நான், எனக்குத் தெரியாதா? கீழ் பாதி இல்ல. அது எங்கியோ கடல்ல விழுந்துடுது. சரி, சின்ன ஸ்பீக்கர்ல கேட்டா இப்படித்தான், பெரிய ஸ்பீக்கரா இருந்தா மீதியும் வந்துடும்னு முடிவு பண்ணேன். இதுதான் இந்த மாபெரும் திட்டத்தின் பிறப்பு.

மொய்னுதீனை உனக்குத் தெரியும், முல்லா வீதியில கட்டில், பீரோ செய்யறவன், உன் கல்யாணக் கட்டில் அவன் கைவேலைதான். பொட்டிக்கு அவன். அவன் பொண்ணு லமீஸ், சேதராப்பட்டு பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இன்ஜினியர். ஆம்ப்ளிஃபயர், போர்டு, ஒயரிங் எல்லாம் அவ செஞ்சா. மூளை என்னுது, கை அவளுது. முதல் நாளே ஒரு காயிதத்துல என்னமோ கணக்குப் போட்டுட்டு, "அங்கிள், எட்டு இன்ச் வூஃபரே போதும், ஆன்ட்டி குரலுக்கு அதுவே அதிகம்"ன்னா.

"எம்மா, நீ ஆன்ட்டி குரலை ஃபோன்ல கேட்டிருக்கியா, நேர்ல கேட்டிருக்கியா?"

"நேர்லதான். சின்ன வயசுல உங்க மாமரத்துல ஏறினப்ப. எறங்கிட்டேன்."

"எறங்கினியா, விழுந்தியா?"

"விழுந்துட்டேன் அங்கிள்."

"அப்ப பதினெட்டு இன்ச் போடு"ன்னேன். காயிதத்தை மடிச்சிட்டா.

இது ஆக்டிவ் செட். அப்படின்னா என்னன்னு உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். சாதாரண செட்ல ஒரே ஆம்ப்ளிஃபயர், அதுலருந்து வர்ற சத்தத்தை அப்புறமா மூணாப் பிரிப்பான். அது எப்படின்னா, சோறு, குழம்பு, பாயசம் மூணையும் ஒரே அடுப்புல ஒரே குண்டான்ல வெச்சி வேகவெச்சிட்டு, பரிமாறும்போது கரண்டியால பிரிக்கிற மாதிரி. நம்மது அப்படியில்ல. சத்தம் உள்ள நுழையும்போதே இந்திராகாந்தி சிலை சிக்னல்ல போலீஸ்காரர் கை காட்டற மாதிரி ஒரு போர்டு நிக்குது. லாரியெல்லாம் இப்படிப் போ, காரெல்லாம் அப்படி, ஸ்கூட்டியெல்லாம் மேல. லாரிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், அதுதான் பதினெட்டு இன்ச். நடுக்குரலுக்குத் தனி. கீச்சுக்குத் தனி. ஆக மூணு அடுப்பு இந்தப் பக்கம், மூணு அடுப்பு அந்தப் பக்கம். இதை நான் சொல்லித்தான் லமீஸ் தெரிஞ்சினா. இல்ல, அவ சொன்னா, ஆனா அடுப்புன்னு சொன்னது நான்.

அப்புறம் பொட்டி. இங்கதான் ஒரு சின்ன விஞ்ஞானக் கருத்து வேறுபாடு வந்துது. லமீஸ் வரைபடத்துல பொட்டி அளவு போட்டு பக்கத்துல "240 லிட்டர்"னு எழுதியிருந்தா. நான் படிச்சேன். முப்பத்தோரு வருஷம் லிட்டர் கணக்குலயே வாழ்ந்தவன், எனக்கு லிட்டர்னா உயிரு. அடடா, நம்ம துறைக்குத்தான் வந்திருக்காங்கன்னு சந்தோஷம். மொய்னுதீன் முதல் பொட்டியைச் செஞ்சி கொண்டாந்து ஹால்ல எறக்கிட்டு தொழுகைக்குப் போயிட்டான். பார்க்க அம்சமா இருந்துது. ஆனா 240 லிட்டர்னு காயிதத்துல எழுதிட்டா ஆச்சா? ஊத்திப் பாக்க வேணாமா? எந்த டேங்க்கையும் அளக்காம நான் கையெழுத்துப் போட்டதில்ல. பொட்டியை மல்லாக்கப் படுக்க வெச்சேன், வூஃபர் மாட்டற ஓட்டை மேல் பக்கம். அரை ஹெச்.பி. மோட்டாருக்கு ஓஸைச் சொருகி, நடுவுல பழைய மீட்டர் ஒண்ணை மாட்டி, ஓஸ் முனையை ஓட்டையில விட்டு சுவிட்சைப் போட்டேன். நூறு, நூத்தம்பது, இருநூறு, முள்ளு அழகா ஏறுது. இருநூத்து முப்பத்தொண்ணுல பொட்டி நிறைஞ்சி வழிய, சுவிட்சை அணைச்சேன். முள்ளு நின்னுச்சு, தண்ணி நிக்கல. மூலையில ஒரு இடம் விட்டுக் குடுத்துது பாரு, ஹால் பூரா சங்கராபரணி ஆறு. கதவைத் தாண்டி, படியிறங்கி, பக்கத்து வீட்டு அமுதவல்லி வாசல்ல போட்டிருந்த கோலத்தை அப்படியே தூக்கினு அவங்க வீட்டுக்குள்ளயே கொண்டுபோய் விட்டுடுச்சு.

மொய்னுதீன் திரும்பி வந்தான். வாசல்ல செருப்பைக் கழட்டினான். செருப்பு மெதந்து போச்சு.

"யோவ் கலியபெருமாளு, என்னாய்யா பண்ண?"

"ஒம்போது லிட்டர் கொறையுது மொய்னு. உன் அளவு தப்பு."

"நான் ஸ்பீக்கர் பொட்டி செஞ்சனா, குடிநீர்த் தொட்டி செஞ்சனா? பிளைவுட்டு பாயசத்துல போட்ட அப்பளம் மாதிரி ஊறிப் போச்சேய்யா!"

"தாங்காத மரத்தை எதுக்கு வாங்கின?"

அவன் உக்காந்துட்டான், ஈரத் தரையிலயே. அதுக்குள்ள லமீஸ் வந்தா. பொட்டியைப் பார்த்தா, ஓஸைப் பார்த்தா, மீட்டரைப் பார்த்தா. "அங்கிள், அது காத்து லிட்டர்"ன்னா. காத்துக்கு ஏதும்மா லிட்டர், காத்தை எவன் குடத்துல புடிச்சான்னு கேட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். தண்ணி எங்க ஒழுகுச்சோ அங்க குனிஞ்சி பார்த்துட்டு, "வாப்பா, இந்த மூலையில பசை புடிக்கல, இப்படியே மூடியிருந்தா காத்து ஒழுகி விசில் அடிச்சிருக்கும்"னு அவளே ஒத்துகினா. ஆக என் சோதனை விஞ்ஞான முறைப்படி சரி. உலகத்துல பெரிய பெரிய ஸ்பீக்கர் கம்பெனிக்காரனெல்லாம் இனிமே பொட்டிக்குத் தண்ணி ஊத்திப் பார்ப்பான்னு நெனைக்கிறேன். மொய்னுதீன் என்கிட்ட நாலு நாள் பேசல. அஞ்சாம் நாள் புதுப் பொட்டியோட வந்து, ஹால்ல வெச்சிட்டு, போறதுக்கு முன்னாடி மோட்டார்லருந்து ஓஸ் வரைக்கும் எல்லாத்தையும் கழட்டித் தன் வண்டியில எடுத்துனு போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் திருப்பித் தரல, நான் பக்கெட்டுல மொண்டுதான் குளிக்கிறேன்.

செட் ரெடி ஆச்சு. ஹால்ல இருந்த சோபாவை வெளியே போட்டோம், உக்கார ஒரே ஒரு நாற்காலி, லமீஸ் டேப்பு வெச்சி அளந்து போட்ட இடம். ரெண்டு பொட்டிக்கும் அந்த நாற்காலிக்கும் சரிசமமான தூரம். அங்க உக்காந்தா குரல் ரெண்டு பொட்டியிலருந்தும் வராது, நட்ட நடுவுல, ஆள் நிக்கற மாதிரி நிக்குமாம். நாம பேசற காலெல்லாம் என் ஃபோன் தானாவே பதிஞ்சி வெச்சிக்கும். அதுலருந்து உன் அத்தை பேசினது ஒண்ணைப் போடச் சொன்னேன். லமீஸ் "அங்கிள், ஃபோன் கால் சரியா வராது"ன்னு ஆரம்பிச்சா, நான் "போடும்மா"ன்னேன். போட்டா. மாப்ள, அந்தச் சின்னப் பொண்ணு டப்பாவுலருந்து வெளியே வந்துட்டா. அவ்வளவுதான். பதினெட்டு இன்ச் ரெண்டும் கம்முனு உக்காந்திருக்கு, கையை வெச்சிப் பார்த்தேன், கல்லு மாதிரி. கீச்சுக்குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேக்குது. "உடம்பைப் பாத்துக்கோங்க. மழையில நனையாதீங்க. கதவைச் சாத்திட்டுப் படுங்க, எனக்கு இங்க உங்க நெனப்பாவே இருக்கு."

அரை மணியில அமுதவல்லி காம்பவுண்டுக்கு மேல தலையை நீட்டினாங்க.

"அண்ணே, வீட்ல யாரு?"

"யாருமில்லியே."

"பொண்ணு குரல் கேட்டுதே. சின்ன வயசுப் பொண்ணு."

"அது கமலவேணிம்மா."

"அக்கா குரல் எனக்குத் தெரியாதாண்ணே? அக்கா கூப்ட்டா எங்க வீட்டு ஜன்னல் அதிரும். இது யாரோ... கதவைச் சாத்திட்டுப் படுங்கன்னுச்சு."

நான் விளக்கினேன். ஃபோன்ல கீழ் பாதி வராது, மேல் பாதிதான் வரும்னு சொன்னேன். சொல்லச் சொல்ல அவங்க மொகம் போன போக்கைப் பார்த்தா, நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போனேன், பேசினு இருந்தவங்க பேச்சை நிறுத்திட்டாங்க. கடைக்காரர், ஒரு நாளும் கேக்காதவர், "அண்ணே, அரிசி இந்த மாசம் கூடவா?"ன்னு கேட்டார். இந்தப் பேச்சு லியோனுக்கு வந்து சேர்றதுக்குள்ள இந்தக் கடிதம் வந்து சேரணும்னுதான் இவ்வளவு அவசரம்.

ஆகையால் மாப்பிள்ளை, எனக்கு உங்களால் ஒரு உதவி ஆக வேண்டும். நல்ல மைக் ஒன்று வையுங்கள். ஃபோன் இல்லை, மைக். அதில் உன் அத்தை குரலைப் பதிந்து, ஒரு பென் டிரைவில் போட்டு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எதுக்குன்னு அவளுக்குச் சொல்ல வேண்டாம். செட்டை டெஸ்ட் பண்ணத்தான், வேற ஒண்ணுமில்ல. என்ன பேசச் சொல்லணும்னா, சாதாரணமா பேசட்டும். அடுப்படியில இருந்து பேசினா இன்னும் நல்லது. சண்டை போட்டாலும் பரவால்ல, சண்டையில அடிக்குரல் நல்லா வரும், வூஃபருக்கு வேலை. "ஏங்க"ன்னு ஒரு தடவை கூப்பிடச் சொல்லு. ஒரு தடவை போதும், ரெண்டாவது தடவை கூப்பிட்டா அதுல கோவம் இருக்கும். இல்ல, ரெண்டாவதும் இருக்கட்டும். காலையில எழுந்ததும் தொண்டையைக் கனைச்சிட்டு ஒண்ணும் பேசாம ஜன்னலைத் தொறப்பா, அது மைக்குல விழுமான்னு தெரியல. விழுந்தா அதையும் அனுப்பு. மைக்கைக் கிட்ட வை, ரொம்பக் கிட்ட வெக்காதே, மொறைப்பா.

அவளை வரச் சொல்லணும்னு நான் கேக்கல. அதைத் தெளிவா எழுதிடறேன். இருக்கட்டும், குட்டிக்குத் துணையா இருக்கட்டும், எனக்கு ஒரு நல்ல ரெக்கார்டிங் இருந்தா போதும். இந்தக் காலத்துல விஞ்ஞானம் அப்படி முன்னேறிடுச்சு. ஆள் எதுக்கு?

குட்டிக்கு என் முத்தம், கன்னத்துக்கு ஒண்ணு, அடுத்த கன்னத்துக்கு ஒண்ணு, உங்க ஊர் வழக்கப்படி. பூர்ணிமாவுக்கு ஆசிகள். உங்களுக்குப் பதவி உயர்வும், ஆயுசும், முட்டிவலி இல்லாத முதுமையும் கிடைக்க வாழ்த்துகிறேன். தவளக்குப்பத்தில் என் அக்கா, அதாவது உன் அம்மா ராஜாம்பாள் சௌக்கியம், போன வாரம் வந்து பொட்டியைப் பார்த்துவிட்டு இதுல துணி வெக்கலாமா என்று கேட்டாள். மழைக்கு நடுவில் வெயில் வருவதுபோல உங்கள் எல்லார் வாழ்விலும் எல்லாம் வரட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமன்,
கலியபெருமாள்

பி.கு.: மேலே எழுதியிருக்கிறது எல்லாம் வீண். கவர்மேல உன் விலாசத்தை பிரஞ்சுல எழுதித் தரச்சொல்லி நேத்து லமீஸைக் கூப்பிட்டேன். அவ கடிதத்தைப் பார்த்தா, "இதுக்கா அங்கிள் இத்தனை பக்கம்?"ன்னா. தன் ஃபோனை எடுத்து உன் அத்தைக்கே நேரா சொல்லிட்டா. ஆன்ட்டி, கால் வேணாம், உங்க ஃபோன்ல ரெக்கார்டர்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்கி மேஜைமேல வெச்சிட்டு எதனா பேசி எனக்கு அனுப்புங்க, மைக் டெஸ்ட்டுக்கு. பத்து நிமிஷத்துல வந்துடுச்சு. பென் டிரைவும் இல்ல, ஆளும் இல்ல.

நான் நாற்காலியில உக்காந்தேன். லமீஸ் போட்டா. முதல்ல கத்தி சத்தம், பலகையில நறுக்கற சத்தம். அப்புறம் அவ. மாப்ள, நான் எத்தனையோ கதை விட்டிருக்கேன், இது கதை இல்ல. ரெண்டு பொட்டிக்கும் நடுவுல, காலண்டர் மாட்டியிருக்கற சுவத்துக்கு ஒரு முழம் முன்னாடி, நின்னா. முழுசா. "லமீஸு, இது பதியுதாம்மா? என்னாத்தப் பேசறது? பீன்ஸ் நறுக்கினு இருக்கேன். அந்த மனுசன் சாப்ட்டாரா?"

"சாப்ட்டேன்"ன்னேன்.

அவ காதுல வாங்காம மேல பேசினு போனா. நேர்ல இருந்தாலும் அப்படித்தான். ஆனா நேர்ல இருந்தா இன்னொரு தடவை சத்தமா சொல்லலாம்.

"பொட்டி செய்யறாராம். தண்ணி ஊத்தினாராம். அமுதவல்லி ஒண்ணு விடாம சொல்லிட்டா. வீட்ல சின்னப் பொண்ணை வெச்சிருக்காருன்னு ஊரே பேசுதாமே, அதுவும் என் குரலாமே!"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. அப்பதான் அந்தப் பதினெட்டு இன்ச் ரெண்டும் முதல் தடவையா அசைஞ்சுது. நாற்காலியில எனக்குத் தெரிஞ்சுது, இங்க, விலா எலும்புல. பக்கத்து வீட்டுலருந்து அமுதவல்லி ஓடியாந்தாங்க, கையில மாவோட, "அக்கா, எப்பக்கா வந்தீங்க?"ன்னு கேட்டுனே உள்ள வந்து, என்னைப் பார்த்தாங்க, பொட்டியைப் பார்த்தாங்க. நான் "வரல"ன்னேன். இத்தனை மாசத்துல அந்த வார்த்தையை வாய்விட்டு சொன்னது அதுதான் முதல் தடவை.

அது முடியல மாப்ள. அவ மேல பேசறா. "எனக்கு இங்க ஒரு குறையும் இல்லம்மா. குட்டிக்கு க்ரெஷ்ல இடம் கெடைச்சி ரெண்டு மாசம் ஆச்சு. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன். ஒரு தடவை, வாடின்னு அவர் வாயால சொல்றாரான்னு பாக்கறேன். நாள் பூரா பேசறாரு, அதை மட்டும் பேச மாட்டேங்கறாரு. சொன்னா அன்னிக்கே கெளம்பிடுவேன். சரி, டெஸ்ட்டுக்கு இது போதுமாம்மா?" அத்தோட நின்னுது. அமுதவல்லி கை மாவை முந்தானையில தொடைச்சினு இருந்தாங்க. லமீஸ் ஒயரைச் சுத்தினு இருந்தா, சுத்தறதுக்கு அங்க ஒயரே இல்ல.

செட் நல்லா வேலை செய்யுது. ரொம்ப நல்லா. அதுதான் தாங்கல. அதனால ரெக்கார்டிங் எதுவும் அனுப்பாதே.

அவங்கள்லாம் போனதும் நானே ஃபோன் போட்டேன். எடுத்தா. "என்னங்க?"ன்னா. சொல்லிடணும்னு வாயைத் தொறந்து, "அங்க மழையா?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டேன். இன்னிக்குக் காலையில மறுபடி போட்டேன். வெயிலான்னு கேட்டேன்.

ஏர்மெயில் போய்ச் சேர பன்னெண்டு நாள் ஆகும்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்றாங்க. அந்தப் பன்னெண்டு நாளும் தினம் ஒரு தடவை ஃபோன் போடப் போறேன். அதுக்குள்ள நானே சொல்லிட்டேன்னா, அத்தை கெளம்பியிருப்பா, இந்தக் கடிதத்தைக் கிழிச்சிப் போட்டுடு. இது உன் கையில இருக்கும்போதும் அவ அங்க உக்காந்து பீன்ஸ் நறுக்கினு இருந்தா, நீ சொல்லிடு. வாடின்னு சொன்னார்னு சொல்லு. மாமியாரைப் போய் எப்படி அப்படிச் சொல்றதுன்னு யோசிக்காதே, நான் சொன்னபடியே சொல்லு.